கருவூர் வழியும் பருநூல் நிறையும்

தமிழிலக்கணம் கற்கப் புகுந்த மாணவர் எவரும் சொல்லதிகாரத்தின் வாயிலிலேயே வழு என்னும் சொல்லை எதிர்ப்படுவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் மொழி வழுவக்கூடும் என நம் முன்னோர் வகுத்துரைத்தனர். 'பசு வந்தான்' என்பது திணை வழு. 'நாளை வந்தேன்' என்பது கால வழு. இவற்றுள் செப்பு வழு எனப்படும் விடை வழுவுக்குத் தொல்காப்பிய உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டொன்று, கொங்குநாட்டினராகிய நமக்கு நகையும் உவகையும் ஒருங்கே தருவதாகும். ஒருவன் கருவூர் செல்லும் நெறியை வினவுகின்றான். மற்றவனோ பருநூலின் நிறையைக் கூறுகின்றான். அவ்விடையிற் பொய் யாதுமில்லை. நூலின் நிறை அவன் கூறியவாறே இருத்தலுங் கூடும். எனினும் வழி கேட்டவன் வழியறியாதே நிற்கின்றான். வினாவின் வகைக்கு விடையின் வகை பொருந்தாமையே ஈண்டுக் குற்றம்.

நூலும் வழியும் பற்றிய இப்பழைய வழு, நூலால் வாழும் நம் திருப்பூர் வட்டாரத்தில் இன்று புதியதோர் உருவில் நிகழ்ந்து வருகின்றது. அதனை எடுத்துரைத்து, அதனை நீக்கும் வழிகளுள் எம் கருத்தில் தலையாயது இதுவெனக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகுமாறு இம்மலரைப் படிப்பாருட் பலரும் அறிவர். நூல் வாங்குவார் ஒருவர்; அதனைத் துணியாகப் பின்னுவார் ஒருவர்; சாயமேற்றுவார் ஒருவர்; காம்பாக்டிங் செய்து துணியின் அளவை நிலைப்படுத்துவார் ஒருவர்; வெட்டுவாரும், தைப்பாரும், செக்கிங் செய்வாரும், பெட்டியில் அடைப்பாரும் பிறர். ஒரு கூரையின்கீழ் எல்லாவற்றையுஞ் செய்யும் நிறுவனங்கள் சிலவே. எஞ்சியன யாவும் ஜாப் ஒர்க் என்னும் கைமாற்று முறையால் நடைபெறுகின்றன. முற்காலத்தில் இக்கைமாற்றங்களுக்கெல்லாம் டி.சி. என்னும் தாட்சீட்டும், தொலைபேசியில் ஒரு சொல்லும் போதியனவாயிருந்தன. இக்காலத்திலோ ஒரு நிறுவனத்தின் கணினி மற்றொரு நிறுவனத்தின் கணினியை வினவுகின்றது, அது விடையிறுக்கின்றது. இவ்வாறு விடையிறுக்கும் கணினியையும் அதன்கண் இயங்கும் நிரலையும் சர்வர் என்பர். அயல்நாட்டு வணிகரின் சர்வர், ஏற்றுமதியாளரின் சர்வர், சரக்கு வண்டிக்கு இ-வே பில் வழங்கும் அரசாங்கத்தின் சர்வர் என இவை பல. திருப்பூரின் நாள்வேலை இவற்றின் வினாவிடைகளைச் சார்ந்தே நடைபெறுகின்றது எனலாம்.

எமக்கு அறிமுகமான பழைய மாணவர் ஒருவர், திருப்பூரையடுத்த சிற்றூர் ஒன்றில் முப்பது தையல் யந்திரங்கள் கொண்ட தொழிலகம் நடத்துகின்றார். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிடமிருந்து வெட்டிய துணியைப் பெற்றுத் தைத்துக் கொடுத்தல் அவர் தொழில். எந்த அளவிற்கு எத்தனை உருப்படி என்பதை அவருடைய கணினி அந்நிறுவனத்தின் சர்வரிடம் வினவி, வந்த விடைக்கேற்பக் கழுத்து லேபிள்களைத் தானே வரவழைக்கும். ஒரு நாள் அந்தச் சர்வரின் நிரலைத் திருத்தியவர், உருப்படிக் கணக்கில் இருந்த விடையை டஜன் கணக்கில் மாற்றிவிட்டார். அவருக்கு அது நியாயமான மாற்றமாகவே தோன்றியது. உள்நாட்டுப் பனியன் வணிகத்தில் டஜன் கணக்கு பழகியதொன்றன்றோ? 600 என வரவேண்டிய இடத்தில் 50 என வந்தது. 50 என்பதும் ஓர் எண்ணே. ஆதலின் கணினி ஐயுறவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு லேபிளே வந்து சேர்ந்தது. தைக்க அமர்ந்த பின்னரே குறை வெளிப்பட்டது. மறு லேபிள் வரும்வரை இரண்டு நாள் யந்திரங்கள் வாளாவிருந்தன. அங்கே தைப்போர் பீஸ் ரேட் எனப்படும் உருப்படிக் கூலி பெறுவோர்; தைக்காத நாளில் அவர்க்குக் கூலியில்லை. நிரல் எழுதியவர்க்கு மாதச் சம்பளம் குறையவில்லை. ஏற்றுமதியாளர்க்குச் சிறிது தாமதம். முழு இழப்பும் அந்நிரலின் பெயரையும் அறியாத தையற்பெண்டிர் தலையில் வீழ்ந்தது. கருவூர் வழி கேட்டவனுக்குப் பருநூலின் நிறை சொல்லப்பட்ட நிகழ்ச்சி இதுவே.

இத்தகைய பிழை சிற்றூர்த் தொழிலகங்களுக்கே உரியதென்று எவரும் கருதற்க. அமெரிக்க நாட்டின் நாஸா நிறுவனம் 1998 டிசம்பரில் செவ்வாய்க் கோளை நோக்கி ஒரு விண்கலத்தை ஏவியது. அதன் உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவினரின் நிரல் பிரிட்டிஷ் அளவையில் எழுதி அனுப்ப, அதனைப் பெற்ற மற்றொரு குழுவினரின் நிரல் மெட்ரிக் அளவை என்று கொண்டது. ஓரெண்ணுக்கும் மற்றதற்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. 1999 செப்டம்பர் 23 ஆம் நாள் அக்கலம் செவ்வாயை மிக நெருங்கிச் சென்று அழிந்துபட்டது. அவ்விரு குழுவினரும் கணக்கில் வல்லவரே. எண்ணை மட்டும் அனுப்பி, அஃது எவ்வகை எண் என்பதை உடனனுப்பாமையே கேடாக முடிந்தது. டஜனும் உருப்படியும் மயங்கியதற்கும் இதற்கும் இழப்பின் அளவன்றி வேறுபாடு யாது?

நிற்க. வகை மயக்கத்தை நிரல் ஓடத்தொடங்கு முன்னரே கண்டு விலக்கும் கலை கணினியியலில் பல்லாண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ராபின் மில்னர் என்னும் பேரறிஞர் 1970களில் எம்.எல். என்னும் மொழியை ஆக்கினார். நிரலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வகையினது என்பதை யந்திரமே உய்த்துணர்ந்து, வகை பொருந்தாவிடின் அந்நிரலை ஏற்க மறுக்கும் முறையை 1978 இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அம்மரபில் வந்ததே ஹாஸ்கெல் என்னும் மொழி. அளவையியல் வல்லுநர் ஹாஸ்கெல் கறி என்பாரின் பெயர் தாங்கிய இம்மொழியின் முதல் வரையறை 1990 இல் வெளிவந்தது. இது கணிதத்திற் போலச் சார்புகளைக் கோத்து எழுதும் சார்புவழி மொழிகளுள் ஒன்று. ஒரு சார்பு எவ்வகைப் பொருளை ஏற்கும், எவ்வகைப் பொருளைத் தரும் என்பதே அதன் அடையாளம். வினா இன்னது, விடை இன்னது என வரையறுத்தலன்றோ அது? வகை பொருந்துகின்றதா என நிரலை ஆராய்ந்து யந்திரமொழியில் ஆக்கித் தருவதைக் கம்பைலர் என்பர்.

இதன் பயனை ஒரு துணியைக் கொண்டே விளக்குவோம். ஒரு துணியின் விவரம் 30, 24, 150 என்று எழுதப்பட்டிருக்கின்றது. 30 என்பது நூலின் கவுண்ட்; 24 என்பது பின்னும் யந்திரத்தின் டயா, அங்குலத்தில்; 150 என்பது ஒரு சதுர மீட்டர்த் துணியின் எடை, கிராமில். இதனை ஜி.எஸ்.எம். என்பர். பழகிய மாஸ்டர் ஒருவர் இம்மூன்றையும் கண்டமாத்திரத்தில் பிரித்தறிவார். கணினிக்கோ மூன்றும் வெற்றெண்களே. கவுண்டை நிற்கவேண்டிய இடத்தில் டயாவை நிறுத்தினால் 24 கவுண்ட் நூல் வாங்கப்படும். அத்தகைய நூலும் கடையிலுண்டு. பிழை துணியாகிச் சாயமேறிய பின்னரே கைக்குத் தெரியும். ஹாஸ்கெலில் கவுண்ட் ஒரு வகை, டயா ஒரு வகை, ஜி.எஸ்.எம். ஒரு வகை எனத் தனித்தனியே அறிவித்துவிடலாம். இவ்வறிவிப்பால் ஓடும் நிரலின் வேகம் குறைவதில்லை. அதன்பின் நிரலின் எந்த மூலையிலேனும் கவுண்டின் இடத்தில் டயாவை ஒருவர் வைப்பாராயின், கம்பைலர் அவ்வரியைச் சுட்டி, இது பொருந்தாதென நிறுத்திவிடும். ஏற்றுமதிச் சீட்டில் காணும் 6109 என்னும் சரக்குக் குறியீடும் அத்தகையதே. அது பின்னலாடை டி-ஷர்ட்டுக்கும் பனியனுக்கும் உரிய பெயர். எண்ணுருவில் எழுதப்பட்ட பெயர். அதனை உருப்படிகளோடு கூட்டுவது திணை வழு. அதனைக் கூட்ட ஒண்ணாதபடி வகுத்துவிடுதலே அறிவுடைமை.

ஆயின், ஒரு நிரலுக்குள் வகைகளைக் காப்பது எளிது. இரு நிறுவனங்களுக்கிடையே காப்பது எங்ஙனம்? கம்பி வழியே செல்லுங்கால் எல்லா வகையும் கரைந்து வெறும் எழுத்துக்களாகவன்றோ செல்கின்றன? இவ்விடத்திலேதான் சர்வருக்கென எழுதப்பெற்ற லைப்ரரிகள் உதவுகின்றன. லைப்ரரி என்பது பிறர் எடுத்தாளுமாறு ஆக்கிவைக்கப்பட்ட நிரற்றொகுதி. மைக்கேல் சுனாய்மன் என்பார் 2010 அளவில் வெளியிட்ட எஸோட் என்னும் ஹாஸ்கெல் தொகுதி, ஒரு தளத்தின் முகவரிகளையே வகைகளாக்கியது. இல்லாத பக்கத்திற்கு வழிகாட்டும் இணைப்பை அதில் எழுதினால் நிரல் உருப்பெறாது. பின்னர் வந்த சர்வண்ட் என்னும் தொகுதி மேலும் ஒரு படி சென்றது. அதன் ஆசிரியர்கள் 2015 இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையால் அது நன்கு விளக்கமுற்றது.

சர்வண்டின் உட்கருத்து மிக எளியது. சர்வர் எவ்வெவ்வினாக்களை ஏற்கும், ஒவ்வொன்றிற்கும் எவ்வகை விடை தரும் என்னும் ஒப்பந்தம் முழுவதும் ஒரே வகையாக ஓரிடத்தில் எழுதப்படும். ஆர்டரின் எண்ணைத் தந்து அளவுப் பட்டியலைக் கேட்டால், ஒவ்வோர் அளவிற்கும் உருப்படிக் கணக்கு விடையாக வரும் என்பது ஓர் ஒப்பந்தம். அவ்வொப்பந்தத்திலிருந்து விடைசொல்லும் சர்வர் சோதிக்கப்படுகின்றது. வினவும் கணினிக்குரிய நிரல் அதிலிருந்தே தானாகப் பெறப்படுகின்றது. பிறர் படித்தறியும் விளக்கச் சுவடியும் அதிலிருந்தே ஆக்கப்படுகின்றது. உருப்படி என்றிருந்ததை டஜன் என்று ஒருவர் மாற்ற விரும்பினால், ஒப்பந்தத்தையே மாற்றவேண்டும். மாற்றிய அந்நொடியே, பழைய கணக்கை நம்பியிருந்த இடங்கள் எல்லாவற்றையும் கம்பைலர் ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். வினவுவோர் வேறு மொழியில் நிரல் எழுதுவோராயினும், அவ்வொப்பந்தத்தை ஓப்பன் ஏ.பி.ஐ. என்னும் பொதுவடிவில் எழுதி அவர்க்கு வழங்கலாம். சொல் ஓரிடம், செயல் ஓரிடம், சுவடி ஓரிடம் எனப் பிரிந்து கிடத்தலே நம் தொழிலின் நோய். மூன்றையும் ஒரு வேரினின்று முளைக்கச் செய்தலே இதன் சிறப்பு.

இன்னும் ஒன்று கூறவேண்டும். புறத்தேயிருந்து வரும் எழுத்துக்களை வாயிலிலேயே ஆராய்ந்து, உரிய வகையாக மாற்றி உள்ளே விடுதல் வேண்டும். மாற்ற ஒண்ணாதவற்றைக் காரணங்கூறித் திருப்புதல் வேண்டும். அலெக்சிஸ் கிங் என்பார் 2019 இல் எழுதிய கட்டுரை ஒன்று இக்கொள்கையை ஹாஸ்கெல் பயில்வாரிடையே நிலைநிறுத்தியது. நொய்யலின் வரலாற்றை அறிந்த நமக்கு இதனை எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாசனத்திற்கெனக் கட்டப்பட்டு 1992 இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்நிலத்து உழவர் தம் கிணறும் நிலமும் கெட்டன. கழிவு சிறிதும் வெளியேறாத நிலையை எய்தாத சாயச்சாலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. ஆற்றிற் கலந்த மாசை அணையில் வடிகட்டுதல் ஆகாது. அதனைச் சாலையின் வாயிலிலேயே நிறுத்துதல் வேண்டும் என்பதே நாம் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம். வாயிலிற் சோதியாது உள்ளே விடப்பட்ட தவறான விவரமும் அவ்வாறே பல கணினிகளின் வழியே ஓடித் தொலைவிலுள்ளார் ஒருவரிடத்துத் தேங்குகின்றது. அவர் பெரும்பாலும் ஏழையாகவே இருக்கின்றார்.

இவ்விடத்தே எதிர்ப்போர் கூறுவனவற்றையும் செவிமடுத்தல் முறையாகும். ஹாஸ்கெல் கற்றற்கு அரிது. அதனை அறிந்தார் சிலரே. ஒருவர் விலகிச் சென்றால் அவரிடத்தை நிரப்புதல் எளிதன்று என்பர். மெய்யே. சர்வண்ட் காட்டும் பிழையுரைகள் சிற்சில வேளைகளில் பக்கக்கணக்கில் நீண்டு, தொடக்கநிலை மாணவரை மருட்டுகின்றன. பெரிய நிரலைக் கம்பைலர் ஆராயக் கொள்ளும் நேரமும் மிகுதி. வகைச்சோதனை எல்லாப் பிழையையும் நீக்கிவிடும் என்று கூறுவாரும் மிகைபடக் கூறுவோரே. 150 என எழுத வேண்டிய எழுத்தர் 160 என எழுதினால், அது வகையாற் குற்றமற்றது. அதனைக் காணக் கண்ணுடைய மனிதரே வேண்டும். எவ்வகையைப் படைப்பது என்று தீர்மானிப்பவரும் மனிதரே. டஜனையும் உருப்படியையும் இருவேறு வகையென அறிவிக்க மறந்தவர்க்கு எம்மொழியும் துணைசெய்யாது.

இவற்றை ஒப்புக்கொண்டும் எம் கருத்தை யாம் மாற்றிக்கொள்ளவில்லை. என்னை? துணியை வெட்டுமுன் சோதித்தல் தொல்லையே, நேரமுங் கொள்ளும், ஆயினும் வெட்டியபின் சோதிப்போம் என்று கூறும் கட்டிங் மாஸ்டர் ஒருவரையும் திருப்பூரில் யாம் கண்டதில்லை. கத்தரி பட்ட துணி மீளாது என்பதை அவர் அறிவர். கம்பைலரின் கடுஞ்சொல் கத்தரிக்கு முன் வரும் சொல். சர்வர் ஓடும்போது தோன்றும் பிழை கத்தரிக்குப் பின் வருவது. முன்னதன் தொல்லை நிரல் எழுதுவோருக்கு. பின்னதன் தொல்லை பிறருக்கு. தன் உழைப்பால் நீங்கக்கூடிய இழப்பைப் பிறர்மேல் தள்ளுதல் அறமன்று என்பதே எம் வழக்கின் சாரம்.

இக்கலை நம் நாட்டில் வேரூன்றாதது என்றுங் கூறுதற்கில்லை. சென்னையையடுத்த சிறுசேரியிலுள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் இளங்கலை மாணவர் ஹாஸ்கெல் மொழியைப் பயில்கின்றனர். அந்நிறுவனத்துப் பேராசிரியர்களாகிய மாதவன் முகுந்து, எஸ். பி. சுரேஷ் ஆகியோரின் ஹாஸ்கெல் விரிவுரைகள் என்.பி.டெல். வழியே எவரும் கட்டணமின்றிக் கேட்குமாறு உள்ளன. பெங்களூரு ஜஸ்பே நிறுவனத்தார் பணப்பரிமாற்ற நிரல்களுக்கு இம்மொழியைக் கையாள்கின்றனர். அவர்தம் முயற்சியால் 2022 இல் அந்நகரில் தோன்றிய நம்ம யாத்ரி என்னும் ஆட்டோ அழைக்கும் செயலியின் சர்வர் நிரலும் ஹாஸ்கெலில் எழுதப்பெற்று, யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டுள்ளது. அதன்கண் சர்வண்ட் தொகுதியின் வேலைப்பாட்டை நம் மாணவர் நேரிற் காணலாம். ஆட்டோ ஓட்டுநரின் ஒரு நாள் வரும்படியைக் காக்கத் தக்கதென அங்குக் கருதப்பட்ட கருவி, தையற்பெண்ணின் இரண்டு நாட் கூலியைக் காக்கத் தகாதோ?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, நம் கணினித்துறை ஆசிரியர்கட்கு: சார்புவழி மொழியொன்றை விருப்பப்பாடமாக ஒரு மூலையில் நிறுத்தாது, இரண்டாம் ஆண்டிலேயே அனைவருக்கும் பயிற்றுமாறு வேண்டுகின்றோம். அம்மொழியைப் பிற்காலத்தில் எழுதாதாரும், வகையை முதலில் எண்ணிப் பின் நிரல் எழுதும் பழக்கத்தைப் பெறுவர். வேறெம்மொழியில் எழுதினும் அப்பழக்கம் உடன்வரும். இரண்டாவது, இறுதியாண்டு மாணவர்க்கு: திட்டப்பணிக்குக் கற்பனைக் கடைகளையும் கற்பனை நூலகங்களையும் நாடாது, நூல் முதல் பெட்டிவரை ஓர் ஆர்டர் கைமாறும் வினாவிடைகளை ஒப்பந்தமாக எழுதிப் பாருங்கள். அதற்குமுன் ஒரு வாரம் தொழிலகத்தில் நின்று, டயா என்றால் என்ன, லாட் என்றால் என்ன எனத் தொழிலாளரிடமே கேட்டறியுங்கள். வகைகளை அறிந்தவர் அவர்களே. மூன்றாவது, தொழில் நடத்தும் பழைய மாணவர்க்கு: நிரல் வாங்குங்கால் விலையையும் நாளையும் மட்டும் கேளாது, வினாவிடை ஒப்பந்தம் எங்கே எழுதப்பட்டுள்ளது, அது மாறினால் எமக்கு யார், எப்பொழுது, எவ்வாறு அறிவிப்பார் என்றுங் கேளுங்கள்.

முன்னர்க் கூறிய சிறு தொழிலகத்தில் இப்பொழுது ஒரு மாற்றம் செய்திருக்கின்றார்கள். சர்வர் தரும் எண்ணை லேபிளுக்கு அனுப்புமுன், செக்கிங் பிரிவில் நெடுநாள் பணியாற்றிய அம்மையார் ஒருவர் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிடுகின்றார். அவர் பார்வைக்கு யாம் தலைவணங்குகின்றோம். எனினும் துணியைப் பார்க்கவேண்டிய கண்களை, யந்திரம் தானே செய்துகொள்ளத்தக்க வேலைக்கு வாங்குதல் நமக்குப் பெருமையாகாது. அக்கண்களை அவற்றிற்குரிய பணிக்குத் திருப்பித் தருதல், கற்ற நம் கையில் உள்ளது. முயல்வோமாக.